வீட்டுவரியா? திறையா?

இறை வேறு, திறை வேறு. தன் ஊரின் ஏரிக்கும் வாய்க்காலுக்கும் காவலுக்கும் எனக் குடிமகன் அறிந்து கொடுப்பது இறை. வென்றவன் கேட்ட தொகையைத் தோற்றவன் எதற்கென்று கேளாமல், தலைகுனிந்து கொண்டுபோய்க் கொட்டுவது திறை. இவ்விரண்டையும் பிரித்துணர்ந்து இரு சொற்களால் வழங்கிய இனம் நம்மினம். அவ்வினத்திற் பிறந்து, அமெரிக்க மண்ணில் பொருளீட்டி, அங்கேயே வீடும் வாங்கிக்கொண்ட தமிழர்களில் மிகப் பலர் இன்று தம் வீட்டின்பொருட்டுக் கட்டுவது இறையன்று, திறையே! இப்படிச் சொன்னால் அவர்களுக்குச் சினம் வரும். வரட்டும். சினம் வந்த பின்னராவது அந்தத் தாளை எடுத்துப் படிக்கட்டும்.

எந்தத் தாள்? சொல்கிறோம். அமெரிக்க மாநிலங்களில் மிகப் பெரும்பாலானவை 'கவுண்டி' என்னும் ஆட்சிப் பிரிவுகளாகப் பகுக்கப்பட்டுள்ளன. நாடு முழுமைக்கும் அத்தகைய பிரிவுகள் மூவாயிரத்துக்கு மேல். தொண்டை மண்டலத்தை நம் முன்னோர் இருபத்து நான்கு கோட்டங்களாகப் பகுத்து ஆண்டனர். ஆகலின் கவுண்டியை இங்குக் கோட்டம் என்றே வழங்குவோம். அந்நாட்டில் வீட்டின்மேல் வரி விதிப்பது வாசிங்டனில் உள்ள நடுவணரசு அன்று. பள்ளி வட்டாரம், கோட்டம், நகராட்சி, மருத்துவமனை வட்டாரம், வெள்ளத்தடுப்பு வட்டாரம் என உள்ளாட்சி அமைப்புகளே தத்தம் வரிமேனியைக் குறிக்கின்றன. பெரும்பாலும் கோட்டத்து அலுவலகம் அவை அனைத்தையும் ஒரே தாளிற் சேர்த்துத் தண்டிப் பிரித்துக் கொடுக்கிறது. அதிற் பெரும்பங்கு பல இடங்களில் பள்ளிகளுக்கே போகிறது. ஊருக்கு வேண்டிய பணத்தை ஊரே தண்டி ஊரே செலவிடும் முறை இது. 2017-இல் வந்த சரக்கு சேவை வரிக்குப் பின் தன் பங்குக்கே தில்லியின் வாயிலிற் காத்துக் கிடக்கும் மாநிலத்தில் வாழும் நமக்கு இது பெருமூச்சு வரவழைக்கும் செய்தி. அதைப் பிறிதோர் இதழிற் பேசுவோம்.

வரலாறு இவ்விடத்தில் அவர்களுக்கும் நமக்கும் ஒரு முடிச்சுப் போட்டிருக்கிறது. 1773-இல் பாசுடன் துறையில் கடலிற் கொட்டப்பட்ட தேயிலை யாருடையது? கிழக்கிந்தியக் கும்பினியுடையது! எங்கள் பேராளர் அமராத அவை எங்கள்மேல் வரி விதிக்கலாகாது என்பதே அன்று அம்மக்கள் எழுப்பிய முழக்கம். அதே கும்பினிதான் இங்கே ஆர்க்காட்டு நவாபின் பெயரால் திறை கேட்டு வந்தது. 1755-இலேயே நெற்கட்டுஞ்செவ்வலில் பூலித்தேவன் மறுத்தான். 1799-இல் பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மன் கயத்தாற்றிலே தூக்கிலேற்றப்பட்டான். ஒரே கும்பினியின் முன் இரு நிலங்கள் நிமிர்ந்து நின்றன. அவர்கள் வென்றார்கள், நாம் தோற்றோம். வென்ற நிலத்தில் வீடு வாங்கிய தமிழன், தோற்ற நிலத்தின் குனிவை அங்கும் தூக்கிச் சென்றிருக்கிறான் என்பதே நம் குற்றச்சாட்டு.

தெக்சாசு மாநிலத்தை எடுத்துக்கொள்வோம். அங்கு ஊசுடனிலும் தல்லாசிலும் தமிழ்க் குடும்பங்கள் மிகுதி. அம்மாநிலம் தனியாளின் வருமானத்தின்மேல் வரி வாங்குவதில்லை. ஆகலின் வீட்டின்மேல் விழும் சுமை கனமானது. ஒவ்வோர் ஆண்டும் சனவரி முதல் நாளில் அவ்வீடு என்ன விலை பெறும் என்று மதிப்பீட்டு வட்டாரம் என்னும் அலுவலகம் கணிக்கிறது. விலை மதிப்பவர் ஒருவர். வரிமேனி குறிப்பவர் வேறொருவர். பணம் தண்டுபவர் மற்றொருவர். மூவரையும் ஒருவராக எண்ணிக் குழம்பி, வரி தண்டும் அலுவலகத்திற் போய் விலையைப் பற்றி வழக்காடித் திரும்பியோர் உண்டு. மதிப்பீட்டு அறிவிப்பு இளவேனிற் காலத்தில் வீடு தேடி வருகிறது. அதிற் கண்ட விலை மிகையென்று கருதினால், மே 15-க்குள், அல்லது அறிவிப்பு விடுக்கப்பட்ட நாளிலிருந்து 30 நாளுக்குள், இரண்டில் எது பிந்தியதோ அதற்குள் எதிர்ப்பு எழுதிக் கொடுக்கலாம். முதலில் அலுவலர் ஒருவர் பேசிப் பார்ப்பார். இசைவு காணாவிடின் அவ்வூர்க் குடிமக்களைக் கொண்ட மறுஆய்வு அவை கேட்கும். வழக்கறிஞர் கட்டாயமில்லை. கூரை ஒழுகுவதைக் காட்டும் ஒளிப்படம், களிமண் விரிந்து சுருங்கி அடித்தளம் வெடித்திருந்தால் அதைச் செப்பனிட ஆகும் செலவுக் கணக்கு, அண்டையில் அதே அளவு வீடுகள் விலைபோன பட்டியல், இவை போதும். அக்தோபரில் வரித்தாள் வந்த பின்பு ஐயோவென்று அலறிப் பயனில்லை. விலையை எதிர்க்கும் காலம் பெரும்பாலோர்க்கு மே திங்களோடு போய்விட்டது. சனவரி 31-க்குள் கட்டாவிட்டால், பிப்பிரவரி முதல் நாளே 6 விழுக்காடு ஒறுப்பும் 1 விழுக்காடு வட்டியும் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

இதனினும் கொடிய இழப்பு ஒன்று உண்டு. அஃது எவரும் பறித்துக்கொள்வதன்று. கேட்காமல் விட்டதனால் வருவது. ஒருவர் தாமே குடியிருக்கும் வீட்டுக்குக் குடியிருப்பு விலக்கு என ஒன்று தரப்படுகிறது. தெக்சாசில் பள்ளி வரிக்குரிய இவ்விலக்கு 2023-இல் 40,000 வெள்ளியிலிருந்து 1,00,000 வெள்ளியாகவும், 2025 நவம்பரில் மக்கள் ஒப்போலை இட்டதனால் 1,40,000 வெள்ளியாகவும் உயர்ந்தது. (டாலரை மலேசியத் தமிழர்போல் வெள்ளி என்கிறோம்.) 4,00,000 வெள்ளி மதிப்புள்ள வீடு ஒன்று, பள்ளி வரிமேனி நூற்றுக்கு ஒரு வெள்ளி எனக் கொள்வோம். விலக்கு இல்லையேல் 4,000 வெள்ளி. விலக்கு இருந்தால் 2,60,000-க்கு மட்டும் வரி; அதாவது 2,600 வெள்ளி. ஓராண்டில் 1,400 வெள்ளி வேறுபாடு! அன்றியும், இவ்விலக்கைப் பெற்ற வீட்டின் வரிக்குரிய மதிப்பு அடுத்த ஆண்டு முதல் ஆண்டுக்குப் பத்து விழுக்காட்டுக்கு மேல் ஏறலாகாது என்னும் காப்பும் சேர்ந்து வருகிறது. ஒரு படிவம், ஒரு முறை. அதற்குக் கட்டணமும் இல்லை. இந்த இலவயப் படிவத்தை நிறைவு செய்து தருவதாகச் சொல்லி, அரசு முத்திரைபோல் ஒன்றை அச்சிட்டுப் பணம் கேட்டு மடல் விடுக்கும் தனியாரும் அங்கு உளர். நம்மவர் அந்த மடலுக்கு அஞ்சிப் பணம் அனுப்புகிறார். மெய்யான அறிவிப்பைக் குப்பையிற் போடுகிறார்! விலக்குக் கேட்க மறந்திருந்தால் ஈராண்டு வரை பின்னோக்கியும் கேட்கலாம் என்பதையும் இவ்விடத்திற் குறித்துவைக்கிறோம்.

ஏன் இந்நிலை? ஒரு கரணியம் வெளிப்படையானது. வீட்டுக்கடன் தந்த வைப்பகம், ஆண்டு வரியைப் பன்னிரண்டாகப் பகுத்துத் திங்கள்தோறும் கடனோடு சேர்த்து வாங்கி, ஒரு பொறுப்புக் கணக்கில் வைத்திருந்து, தானே கோட்டத்துக்குக் கட்டிவிடுகிறது. வீட்டுக்காரர் வரித்தாளைக் கண்ணாற் காண்பதே அரிது. ஒருநாள் திங்கட் கட்டணம் முந்நூறு வெள்ளி ஏறியிருக்கும். வைப்பகம் கொள்ளையடிக்கிறது என்று நண்பரிடம் குறைப்படுவார். ஏறியது வட்டியன்று, வரி என்பது அவருக்குத் தெரியாது. தன் பணம் தன்னைத் தாண்டித் தன் தலைக்கு மேலே கைமாறும்போது, அதைக் கொடுப்பவன் எப்படி இறை கொடுத்தவன் ஆவான்?

மற்றொரு கரணியத்தைத்தான் நாம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. "எங்களுக்கு ஆங்கிலம் தெரியும், தமிழில் இதையெல்லாம் எழுதி என்ன ஆகப் போகிறது?" என்று கேட்கும் நம் பொறியாளர்களையும் மருத்துவர்களையும் நோக்கி ஒரே ஒரு வினா விடுக்கிறோம். உங்களுக்கு ஆங்கிலம் தெரியும் என்றால், ஆங்கிலத்தில் வந்த அந்தத் தாளை ஏன் படிக்கவில்லை? கணிப்பொறிக்கு ஆயிரம் பக்க விளக்கப் பொத்தகத்தைப் படித்த கண்கள் இரண்டு பக்க அறிவிப்பை ஏன் தாண்டிப் போயின? விடை நாமே சொல்கிறோம். நீங்கள் கற்ற ஆங்கிலம் வேலை கேட்கும் ஆங்கிலம். மேலாள் சொன்னதைச் செய்யும் ஆங்கிலம். எதிர்த்து நின்று வழக்காட ஒருவன் எந்த மொழியில் கற்கிறான்? வாய்க்கால் வரப்புச் சண்டையையும் பங்காளிப் பாகப் பிரிவையும் கேட்டு வளர்ந்த மொழியில். தாயிடம் அடம்பிடித்த மொழியில். அந்த மொழியில் வரி, மதிப்பு, விலக்கு, முறையீடு ஆகியவை உங்களுக்கு ஒருநாளும் சொல்லப்படவில்லை. ஆகலின் முத்திரை பதித்த ஆங்கிலத் தாள் வந்ததும் உள்ளே உறங்கும் பழைய குடியானவன் எழுந்து கைகட்டி நின்றுவிடுகிறான். நகைப்பதற்கன்று இது. தமிழை விட்டவன் தமிழை மட்டும் விடவில்லை. கேள்வி கேட்கும் வாயையும் சேர்த்து விட்டான்.

ஊரில் இருப்போரும் இதில் குறைந்தவரல்லர். 2022-இல் தமிழ்நாட்டு நகர்ப்புறங்களில் வீட்டுவரியை 25 விழுக்காடு முதல் 150 விழுக்காடு வரை உயர்த்தினார்களே, தம் வீட்டின் வரி எந்தக் கணக்கில் வந்தது என்று அறிந்து கட்டியவர் நம்முள் எத்தனைபேர்?

அமெரிக்காவிற் கேளாமல் இருப்பதற்கு விலை என்ன என்பதைச் சிக்காகோ நகரை உள்ளடக்கிய குக் கோட்டம் காட்டிவிட்டது. 2017-இல் சிக்காகோ திரிபியூன் நாளிதழ் ஆண்டுக்கணக்கான மதிப்பீடுகளை ஆய்ந்து வெளியிட்டது. எளியவரின் சிறு வீடுகள் மெய்விலைக்கு மிஞ்சியும், செல்வரின் பெருவீடுகள் மெய்விலைக்குக் குறைந்தும் மதிக்கப்பட்டிருந்தன. செல்வர் ஆண்டுதோறும் வழக்கறிஞரை வைத்து முறையிட்டனர், மேலும் குறைத்துக்கொண்டனர். எளியவர் முறையிடவில்லை. இங்கே ஒரு நுட்பம் உண்டு. அதை விளங்கிக்கொள்ளாதவரை வீட்டுவரி விளங்காது. அக்கோட்டத்துப் பள்ளியும் நகராட்சியும் இத்தனை பணம் வேண்டும் என்று முதலிற் குறித்துவிடுகின்றன. அத்தொகை எல்லா வீடுகள் மீதும் மதிப்புக்கேற்பப் பங்கிடப்படுகிறது. ஆகலின் அண்டை வீட்டான் முறையிட்டுத் தன் பங்கைக் குறைத்தால், குறைந்தது காற்றிற் கரைவதில்லை. முறையிடாதவன் முதுகில் ஏறுகிறது! அடுத்த ஆண்டே, 2018 மார்ச்சில், கட்சியின் முதனிலைத் தேர்தலில் அக்கோட்டத்து மதிப்பாளரை மக்கள் தோற்கடித்தனர். வரி மதிப்பவனை ஒப்போலையால் வீட்டுக்கு அனுப்பும் உரிமை! அந்நாட்டுக் குடியுரிமை பெற்றும் கோட்டத் தேர்தலுக்குப் போகாமல் குடியரசுத் தலைவர் தேர்தலைப் பற்றி மட்டும் விடிய விடியப் பேசும் தமிழர் இதை எண்ணிப் பார்க்கட்டும். குடியுரிமை இல்லாதார்க்கு அவ்வொப்போலை இல்லை. ஆனால் வீட்டுக்குரியவர் என்ற அளவில் முறையிடும் உரிமை அவர்க்கும் உண்டு.

கலிபோர்னியாவில் இது வேறு வடிவம் கொள்கிறது. 1978 சூனில் மக்கள் ஒப்போலையால் வந்த பதின்மூன்றாம் முன்மொழிவு, அடிப்படை வரியை நூற்றுக்கு ஒன்று என்றும், மதிப்பு ஆண்டுக்கு இரண்டு விழுக்காட்டுக்கு மேல் ஏறலாகாது என்றும் கட்டிவைத்தது. வீடு கைமாறும்போதே மதிப்பு புதிய விலைக்குத் தாவும். ஆகலின் ஒரே தெருவில் ஒரே அளவு வீட்டுக்கு, நேற்று வந்தவன் நெடுநாள் வாழ்பவனைப்போல் ஐந்து மடங்கு கட்ட நேர்கிறது. 1992-இல் உச்ச முறைமன்றமும் இது சட்டத்துக்கு மாறானதன்று என்று தீர்த்துவிட்டது. அங்கு நேற்று வந்தவர் யாவர் என்று நாம் சொல்லவும் வேண்டுமோ?

கேளாமை வீட்டையே கொண்டுபோனதும் உண்டு. மின்னசோட்டா மாநிலத்தின் எனப்பின் கோட்டத்தில் செரால்டின் தைலர் என்னும் மூதாட்டி, 1999-இல் தாம் வாங்கிய அடுக்ககக் குடியிருப்பை விட்டு 2010-இல் முதியோர் குடியிருப்புக்குப் பெயர்ந்தார். வரி கட்டப்படாமல் நின்றது. 2,300 வெள்ளி வரி, வட்டியும் ஒறுப்பும் செலவும் சேர்ந்து 15,000 ஆயிற்று. கோட்டம் வீட்டைக் கைப்பற்றி 40,000 வெள்ளிக்கு விற்றது. தனக்குச் சேரவேண்டிய 15,000 போக எஞ்சிய 25,000 வெள்ளியையும் தானே வைத்துக்கொண்டது! மூதாட்டி வழக்காடினார். 2023 மே 25-இல், அவருக்கு 94 அகவை ஆகியிருக்கையில், உச்ச முறைமன்றத்தின் ஒன்பதின்மரும் ஒருமனப்பட்டு, கடனுக்கு மேற்பட்டதை எடுத்தது பறிப்பே என்றனர். 1215-ஆம் ஆண்டின் ஆங்கிலப் பேருரிமை முறியை வரை தேடிச் சென்று தலைமை நடுவர் எடுத்துக்காட்டினார். தொண்ணூறு தாண்டிய ஒரு கிழவி நிமிர்ந்து நின்றதனால் பல மாநிலங்கள் தம் சட்டத்தைத் திருத்த நேர்ந்தது. பெற்றோரைப் பார்க்கவென ஊருக்கு வந்து ஈராண்டு தங்கிவிடும் தமிழர், கடனடைத்த தம் வெற்று வீட்டின் மடற்பெட்டியில் என்ன விழுந்து கிடக்கிறது என்று எண்ணியதுண்டா?

இத்தனையும் சொன்னதனால், வரியைக் குறைத்துக்கொள்ளும் தந்திரம் கற்பிக்க வந்தோம் என்று எவரும் கருதவேண்டா. இறை கொடுப்பது கடமை. அவ்விறை எங்கே போகிறது என்று பார்ப்பதும் கடமை. தெக்சாசின் சான் அந்தோனியோ நகரில் எட்சுவுட்டு, அலமோ ஐட்சு என இரு பள்ளி வட்டாரங்கள். முன்னது மெக்சிக்க வழியினரான ஏழைகள் வாழ்வது. பின்னது வெள்ளைச் செல்வர் வாழ்வது. 1967-68-இல் ஏழை வட்டாரம் நூறு வெள்ளி மதிப்புக்கு 1.05 வெள்ளி மேனி வரி கட்டி, மாணவன் ஒருவனுக்கு 26 வெள்ளிதான் தன் வரியிலிருந்து தர முடிந்தது. செல்வ வட்டாரம் 0.85 வெள்ளி மேனிதான் கட்டியது. மாணவனுக்கு 333 வெள்ளி கிடைத்தது. மிகுதியாகக் கொடுத்தவன் பிள்ளைக்குக் குறைவு. குறைவாகக் கொடுத்தவன் பிள்ளைக்கு மிகுதி! உலோகத் தகட்டுத் தொழிலாளியான தெமெத்திரியோ உரோதிரிகசு உள்ளிட்ட பெற்றோர் 1968-இல் வழக்குத் தொடுத்தனர். 1973-இல் ஐவர்க்கு நால்வர் என்னும் கணக்கில் உச்ச முறைமன்றம் அவர்களுக்கு எதிராகத் தீர்த்தது. இன்று நல்ல பள்ளியுள்ள வட்டாரம் எது என்று தேடித்தேடி, விலை மிகையானாலும் அங்கேயே வீடு வாங்குகிறவர் நம் தமிழர். வாங்கட்டும், பிள்ளைகள் படிக்கட்டும். ஆனால் அவ்வேலிக்கு அப்பால் இருக்கும் பள்ளியில் யார் படிக்கிறார், அப்பள்ளிக்கு ஏன் பணமில்லை என்று ஒருமுறையேனும் பார்க்க வேண்டாவா? கல்வியில் பங்கு மறுக்கப்பட்ட இனத்தின் பிள்ளைகள் அல்லவா நாம்!

அங்குள்ள தமிழ்ச் சங்கங்களுக்கு இனி ஒரு சொல். பொங்கல் மேடையில் உத்திரமேரூர்க் குடவோலையைப் பற்றிப் பேசாத சங்கம் அரிது. 919, 921-ஆம் ஆண்டுகளின் அக்கல்வெட்டுகள், இறை கட்டும் நிலமும் தன் மனையில் எடுத்த வீடும் உடையவனே ஓலையிற் பெயரெழுதப்படத் தக்கவன் என்றன. கணக்குக் காட்டாதவனையும் அவன் உறவினரையும் தள்ளிவைத்தன. அது பார்ப்பனர்க்கு விடப்பட்ட ஊரின் அவை. உழுதவனுக்கு அங்கே இடமில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லும் நேர்மை மேடைகளுக்கு இருப்பதில்லை. அது கிடக்கட்டும். ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முந்தைய அவையைப் பற்றி இவ்வளவு பேசுவோர், தம் கோட்டத்து மறுஆய்வு அவை எந்தத் தெருவிற் கூடுகிறது என்றாவது அறிவாரா?

நாம் கேட்பது பெரிதன்று. கோட்டந்தோறும் தமிழ்ச் சங்கத்தார் பதினாறு பக்கச் சுவடி ஒன்று எழுதட்டும். நல்ல தமிழில் எழுதட்டும். மதிப்பாளர், மதிப்பீட்டு அறிவிப்பு, வரிமேனி, குடியிருப்பு விலக்கு, பொறுப்புக் கணக்கு, மறுஆய்வு அவை, எதிர்ப்பு மனுவுக்கு முறையீட்டு மடல் எனச் சொற்கள் இக்கட்டுரையிலேயே கிடக்கின்றன. இவற்றினும் நல்லவை தோன்றினால் அவற்றை ஆளட்டும். எந்த நாளுக்குள் எந்தப் படிவம், எந்த அலுவலகம், எவ்வகைச் சான்று, முதியோர்க்கும் உடற்குறை உற்றோர்க்கும் அக்கோட்டத்தில் என்ன தனி விலக்கு என்பனவெல்லாம் அதில் வரட்டும். மகன் வீட்டுக்குச் சென்று ஆறு திங்கள் நான்கு சுவர்களைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருக்கும் தந்தைமார் அங்கு நிறைய உளர். ஊரில் கணக்குப்பிள்ளை வேலை பார்த்தவரும், வட்டாட்சி அலுவலகத்தில் முப்பதாண்டு பேரேடு எழுதியவரும் அவர்களுள் உண்டு. சுவடியை அவர்கள் கையிற் கொடுங்கள். மகன் குப்பையிற் போட்ட தாளை அவர்கள் எடுத்துவைத்துக் கேட்பார்கள். தெக்சாசுக்குரிய சுவடி அடுத்த மே 15-க்கு முன்னர் அச்சேறவேண்டும். எழுத முன்வருவோர்க்குச் சொல்லாக்கத்திலும் மெய்ப்புப் பார்ப்பதிலும் துணைநிற்க நாம் அணியமாயிருக்கிறோம்.